வரலாறா, வாய்ப்பாட்டா? ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு மூன்று வழிகள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு வருகிற கேள்வி இது. பெண்ணோ பையனோ ஏழெட்டு வருஷமாகப் பாட்டு கற்றுக்கொண்டிருப்பார். "குரல் நன்றாகப் பதப்பட்டு வருகிறது, இப்போது விட்டுவிடாதே" என்று குரு சொல்லியிருப்பார். பள்ளியில் பிடித்த பாடமோ வரலாறு. லீவு விட்டால் கோயிலுக்குப் போய் சாமியைவிடக் கல்வெட்டை அதிக நேரம் பார்க்கிற ரகம். இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியுமா, எதைப் பட்டமாக எடுப்பது, எதைக் கூடவே வைத்துக்கொள்வது என்று பிள்ளை கேட்கும். "இதில் எதாவது ஒன்றாவது சோறு போடுமா?" என்று அப்பா கேட்பார். இரண்டுமே நியாயமான கேள்விகள்.

இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். ஆனால் இரண்டுக்கும் வயதுக் கணக்கு ஒன்றல்ல. பதினேழிலிருந்து இருபத்திரண்டு வரை குரலுக்கும் கைக்கும் கொடுக்கிற சாதகத்தை (அன்றாடப் பயிற்சியை) முப்பதில் உட்கார்ந்து ஈடுகட்டுவது மிகவும் கஷ்டம். வரலாற்றில் அப்படியில்லை. இருபத்தொன்றில் எம்.ஏ. சேர்ந்து நல்ல ஆய்வாளராக வந்தவர்கள் உண்டு. கீழே வருகிற ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தைச் சுற்றியே போகும். கர்நாடக இசை, அதிலும் வாய்ப்பாட்டு கற்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன். நாதஸ்வரக்காரர்களுக்குக் கணக்கு வேறு, அதைக் கடைசியில் பார்க்கலாம்.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் சாதக நேரம். விடியற்காலை அகார சாதகம் ('ஆ' என்று குரலை நீட்டிப் பழகுவது), வாரத்தில் இரண்டு மூன்று நாள் குருவிடம் பாடம், மாலையில் கச்சேரி கேட்பது. இவ்வளவும் நடக்கிற மாதிரி நாள் அமைய வேண்டும்.

இரண்டாவது, வரலாற்றுப் பயிற்சியின் தரம். தேதிகளை மனப்பாடம் செய்வதை நான் பயிற்சி என்று சொல்லவில்லை. ஓர் ஆவணத்தை எடுத்து இதை யார் எழுதினார், யாருக்காக எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்கப் பழகுவதும், அதைக் கட்டுரையாக எழுதி ஆசிரியரிடம் சிவப்பு மையில் திருத்தம் வாங்குவதும்தான் பயிற்சி.

மூன்றாவது, கையில் கிடைக்கிற சான்றிதழை வைத்து அடுத்து எதற்கெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்பது. நான்காவது பணம். கட்டணத்தைவிடக் கட்டணத்தில் சேராத செலவுதான் இங்கே அதிகம்.

இரண்டும் எதற்கு? ஒரு பாறையைப் பார்ப்போம்

புதுக்கோட்டை அருகே குடுமியான்மலையில் குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சமஸ்கிருதத்தை எழுதத் தமிழகத்தில் பயன்பட்ட கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, ஸ்வரங்களை நான்கு நான்காகச் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். ரி என்று ஒன்றோடு நிற்காமல் ர, ரி, ரு, ரெ என்று உயிரெழுத்து மாறி மாறி வருகிறது. முடிவில் தமிழில் ஒரு வரி: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய". ருத்ராசாரியரின் சீடனான, சிவபக்தனான ஓர் அரசன் இதைச் செய்வித்ததாகச் செய்தி உண்டு, ஆனால் அரசனின் பெயர் இல்லை. மகேந்திரவர்ம பல்லவன்தான் என்று வெகு காலம் சொல்லிவந்தார்கள். அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

பாட்டு மட்டும் தெரிந்தவர் இந்த ஸ்வரங்களை இன்றைய ராகமாகப் பாடிப் பார்க்கத் துடிப்பார். வரலாறு மட்டும் படித்தவர் எழுத்தமைதியை வைத்துக் காலத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். உயிரெழுத்து ஏன் மாறுகிறது? எட்டு, ஏழு என்பது யாழின் நரம்புக் கணக்கா, வேறு ஏதாவதா? இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்ட இரண்டு பயிற்சியும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலும் இதே கதைதான். திருப்பதியம் (தேவாரம்) பாட 48 பிடாரர் என்ற பாடகர்கள், அவர்களோடு உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர், ஆக ஐம்பது பேரை ராஜராஜன் நியமித்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி (பழைய முகத்தல் அளவு) நெல். நெல் கணக்கைப் பார்த்தால் கோயில் பொருளாதாரம் புரியும். இத்தனை பேர் சேர்ந்து பாட இரண்டே தாளக்கருவிதானா என்று யோசிக்க, கொஞ்சமாவது கோஷ்டியில் பாடியிருக்க வேண்டும்.

வழி 1: பி.ஏ. வரலாறு கல்லூரியில், பாட்டு குருவிடம்

மாநிலக் கல்லூரி, தாம்பரம் கிறித்துவக் கல்லூரி போன்ற ஒரு கல்லூரியில் வரலாறு சேர்ந்துவிட்டு, பாட்டை இப்போது போகிற குருவிடமே தொடர்வது.

வரலாற்றுப் பயிற்சி என்று பார்த்தால் இதுதான் முழுமையானது. மூன்று வருஷம் நூலகம், செமினார், ஆசிரியரோடு வாக்குவாதம் என்று போகும். எம்.ஏ., நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு), குடிமைப்பணித் தேர்வு எல்லாவற்றுக்கும் நேர்ப்பாதை. அரசு கலைக் கல்லூரியில் கிடைத்தால் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. காலை ஷிப்ட் கிடைத்துவிட்டால் மதியத்துக்கு மேல் நேரம் உங்களுடையது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

இனி மறைவாக இருக்கிற செலவுகள். முதலாவது ஹாஸ்டல். சொந்த ஊரை விட்டு வந்து ஹாஸ்டலிலோ மேன்ஷனிலோ தங்கினால் காலை ஐந்தரைக்கு மந்தர ஸ்தாயியில் (கீழ்க்குரலில்) உட்கார்ந்து அகாரம் பிடிக்க முடியாது. ஒரு நாள் பொறுத்துக்கொள்வார்கள், மூன்றாம் நாள் பக்கத்து அறைக்காரர் வார்டனிடம் போய்விடுவார். மொட்டை மாடி, பக்கத்துக் கோயில் பிராகாரம், கல்லூரியில் பூட்டாமல் கிடக்கிற வகுப்பறை என்று இடம் தேடுவதே தனி வேலை. மிருதங்கக்காரர் பாடு இன்னும் மோசம். சேர்க்கைக்கு முன்பே "எங்கே உட்கார்ந்து சாதகம் செய்வேன்?" என்பதற்கு விடை வைத்திருங்கள். இது சில்லறை விஷயமாகத் தெரியும். பாட்டு நின்றுபோன பல பிள்ளைகளுக்கு அது நின்றது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது மார்கழி, அதாவது சென்னையின் கச்சேரி சீசன். இளையவர்களுக்கு சபாக்கள் கொடுப்பது மதிய வேளைக் கச்சேரி. அந்த வாய்ப்பு வருகிற டிசம்பரில்தான் செமஸ்டர் தேர்வும் வந்து நிற்கும். அதோடு 75 சதவீத வருகைப்பதிவு. திருவையாறு ஆராதனை, போட்டிகள், வெளியூர்க் கச்சேரி என்று போனால் அந்தச் சதவீதம் சீக்கிரம் கரையும். துறைத்தலைவர் இசையில் பிரியம் உள்ளவராக இருந்தால் பிழைத்தீர்கள்.

மூன்றாவது, மூன்று வருஷம் முடிந்த பிறகும் இசைக்கென்று கையில் ஒரு காகிதமும் இருக்காது. இதைச் சரிக்கட்ட ஒரு வழி வானொலி ஆடிஷன். ஆகாசவாணியின் பி, பி-ஹை, ஏ, டாப் என்ற தரவரிசையில் பி கிரேடு வாங்கினாலே இசை வட்டாரத்தில் அதற்கு மதிப்பு உண்டு. சில இடங்களில் பட்டத்தைவிட அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பாடத்திட்டத்தில் இசையைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். "பல்லவர் காலக் கலைகள்" என்ற பாடத்தில் ஒரு பத்தி வரும். உங்கள் இசையைப் பாடத்துக்குள் கொண்டுவர வேண்டியவர் நீங்களேதான். செமினார் தலைப்பாக, கடைசி வருஷ ப்ராஜெக்ட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, வர்ணத்தில் தொடங்கித் துக்கடா என்ற சிறு உருப்படிகளில் முடிகிற இன்றைய கச்சேரி வரிசையை எடுங்கள். அதை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்பார்கள். அதற்கு முன்னால் எப்படிப் பாடினார்கள்? டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்த புதுச் சபையோருக்கும் இந்த வரிசைக்கும் என்ன தொடர்பு? மூன்று நிமிட இசைத்தட்டு ஆலாபனையை என்ன செய்தது? இதற்கெல்லாம் தரவு சென்னையிலேயே கிடைக்கும். மியூசிக் அகாடமி 1930-இலிருந்து ஆய்விதழ் வெளியிடுகிறது, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன.

வழி 2: பி.ஏ. இசை, அப்புறம் எம்.ஏ. வரலாறு

சென்னை ராணி மேரிக் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அரசு இசைக் கல்லூரிகள் என்று இடங்கள் உண்டு. ராணி மேரி பெண்களுக்கு மட்டும் என்பதால் பையன்களுக்குச் சென்னையில் தேர்வு குறைவு.

இதில் பெரிய லாபம், பகல் நேரமும் பாட்டாகவே போவது. கூடப் படிக்கிறவர்கள் வயலின், மிருதங்கம் வாசிப்பவர்களாக இருப்பார்கள். பக்கவாத்தியத்தோடு பாடிப் பழகத் தனியாகச் சன்மானம் கொடுக்க வேண்டாம். இது வீட்டில் இருந்து கற்பவர்களுக்குக் கிடைக்காத வசதி. ஊரில் நல்ல குரு இல்லாதவர்களுக்கு இந்த வழி கிட்டத்தட்ட கட்டாயம் என்றே சொல்வேன்.

ஆனால் கல்லூரி வகுப்பு குருவுக்கு மாற்று ஆகாது. பதினைந்து இருபது பேர் ஒரே சுருதியில் பாடுகிற வகுப்பில் உங்கள் குரலின் சிக்கலைத் தனியாகக் கவனிக்க ஆசிரியருக்கு நேரம் இருக்காது. கட்டை (சுருதி அளவு) ஒத்துவராதவர்கள் கத்தியோ முனகியோ பாடுவார்கள். ஆகவே கல்லூரிக் கட்டணத்தோடு குருவின் கட்டணமும் சேர்ந்தேதான் வரும்.

"இசைப் பட்டத்திலேயே இசை வரலாறு ஒரு தாளாக இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்பார்கள். சங்கீத ரத்னாகரம், சதுர்தண்டி பிரகாசிகை, மேளகர்த்தா முறை, மும்மூர்த்திகளின் வாழ்க்கை எல்லாம் வரும். லட்சண கிரந்தங்களோடு (இசை இலக்கண நூல்களோடு) கிடைக்கிற இந்தப் பரிச்சயம் வரலாற்று மாணவருக்கு லேசில் வாய்க்காது. ஆனால் பெரும்பாலும் அது வாழ்க்கைக் குறிப்பும் விளக்கமுமாக நின்றுவிடும். தியாகராஜரைப் பற்றிய ஒரு கதை எந்த நூலில் முதலில் வந்தது, அதை எழுதியவருக்கு அதில் என்ன அக்கறை என்ற கேள்வி வகுப்பில் எழுவது அபூர்வம். அதனால் எம்.ஏ. வரலாற்றின் முதல் செமஸ்டர் மூச்சுத் திணறும். மற்றவர்கள் மூன்று வருஷமாகக் கட்டுரை எழுதிப் பழகியிருப்பார்கள், நீங்கள் அப்போதுதான் தொடங்குவீர்கள்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எம்.ஏ. வரலாற்றுக்குப் பல பல்கலைக்கழகங்களில் எந்தப் பட்டதாரியும் சேரலாம், கல்லூரி ஆசிரியர் பணிக்கும் முதுகலையில் 55 சதவீதமும் நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சியும்தான் கேட்பார்கள். ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியராக வேண்டுமென்றால் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும். பி.ஏ. இசை, எம்.ஏ. வரலாறு என்பது அங்கே செல்லாது. வீட்டில் "டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு) எழுதி செட்டில் ஆகிவிடு" என்ற எதிர்பார்ப்பு இருந்தால், சேருவதற்கு முன்பே இதை மேசையில் போட்டுப் பேசிவிடுங்கள்.

பணப் பக்கம் ஓர் ஆறுதல்: மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் உதவித்தொகை தருகிறது. வழி 1-இல் இருப்பவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் முழுநேரம் பாட்டிலேயே இருப்பவருக்குத் தேர்வுக் குழுவின் முன் உட்கார்ந்து பாடுகிற தெம்பு கூடுதலாக இருக்கும்.

வழி 3: ஒரே நேரத்தில் இரண்டு பட்டம்

2022 ஏப்ரலில் யு.ஜி.சி. இதற்கு அனுமதி கொடுத்தது. வகுப்பு நேரம் மோதாமல் இருந்தால் இரண்டையும் நேரடியாகப் படிக்கலாம், அல்லது ஒன்று நேரடி, மற்றது தொலைநிலை என்று வைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் பெரும்பாலோர் யோசிப்பது நேரில் இசையும், இக்னோ (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) அல்லது தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறும்.

காகிதத்தில் இதைவிட அழகான திட்டம் கிடையாது. மூன்றே வருஷம், இரண்டு பட்டம், அப்பாவுக்கும் சந்தோஷம். என்னைக் கேட்டால், மூன்றில் அதிகம் ஏமாற்றுவது இதுதான்.

தொலைநிலையில் பாடப்புத்தகம் நன்றாகவே இருக்கும். குறிப்பாக இக்னோவின் வரலாற்றுப் பாடநூல்களை நேரடி வகுப்பு மாணவர்களே வாங்கிப் படிப்பார்கள். இல்லாதது ஆசிரியரோடு பேச்சு. ஒப்படைப்புக் கட்டுரையை எழுதி அனுப்பினால் மதிப்பெண் வரும், ஏன் அந்த மதிப்பெண் என்பது வராது. மேலே சொன்ன சிவப்பு மை இங்கே கிடைப்பதில்லை. தொடர்பு வகுப்புகள் வார இறுதியில் வரும். குரு பாடம் சொல்வதும் வார இறுதியில்தான். இக்னோவின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும். மறுபடி மார்கழி.

அலுவலகச் சிக்கலும் உண்டு. அசல் டி.சி. ஒன்றுதான், அதை முதலில் சேர்ந்த கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும். இரண்டாவது இடத்தில் என்ன கேட்பார்கள், உங்கள் பல்கலைக்கழகம் இரட்டைப் பட்டத்துக்கு விதி வகுத்திருக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். வேலை அறிவிக்கைகளில் ஒரே காலத்தில் பெற்ற பட்டங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இதை உருப்படியாகச் செய்ய ஒரு வழி, இரண்டையும் ஒரே வருஷம் தொடங்காமல் இருப்பது. இக்னோவின் மூன்று வருஷப் பட்டத்தை ஆறு வருஷம் வரை நீட்டிக்கலாம். இசைப் பட்டத்தின் இரண்டாம் வருஷத்தில் வரலாற்றைத் தொடங்கி, இசை முடிந்த பிறகு மீதியை முடித்தால் மூச்சு வாங்காது. ஆனால் அப்போது "மூன்றே வருஷம்" என்ற கவர்ச்சி போய்விடுகிறது, வழி 2-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறீர்கள். இரண்டையும் நேரடியாக, காலையில் ஒரு கல்லூரி, மாலையில் இன்னொன்று என்று ஓடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சென்னை பஸ்ஸில் போகிற நேரம் தம்பூரா முன்னால் போக வேண்டிய நேரம்.

| | வழி 1: வரலாறு + குரு | வழி 2: இசை, பிறகு வரலாறு | வழி 3: இரட்டைப் பட்டம் |
|---|---|---|---|
| சாதக நேரம் | ஷிப்டையும் தங்குமிடத்தையும் பொறுத்தது | அதிகம் | முதல் வருஷம் சரி, பிறகு இழுபறி |
| வரலாற்றுப் பயிற்சி | முழுமை | இருபத்தொன்றில் தொடங்கும் | புத்தகம் உண்டு, திருத்த ஆள் இல்லை |
| முதுகலை வரலாற்று ஆசிரியர் பணி | எம்.ஏ., பி.எட். முடித்தால் தகுதி | தகுதி இல்லை | அறிவிக்கையைப் பார்க்க வேண்டும் |
| மறைசெலவு | தங்குமிடம், பக்கவாத்தியம் | குருவின் கட்டணம், கூடுதல் வருஷங்கள் | இரட்டைக் கட்டணம், வார இறுதிகள் |

கலாக்ஷேத்ரா டிப்ளமா, அரசு இசைக் கல்லூரியின் இசைக்கலைமணி இரண்டையும் பற்றியும் கேட்கிறார்கள். பயிற்சி அருமையானது. ஆனால் டிப்ளமா பட்டம் ஆகாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுதவோ எம்.ஏ. சேரவோ ஒரு பட்டம் தனியாக வேண்டும். எனவே டிப்ளமாவோடு தொலைநிலை வரலாறு என்பது வழி 3-இன் இன்னொரு உருவம்தான், அதே நல்லது கெட்டதுகளோடு.

எந்த வழியில் போனாலும் தள்ளிப்போடக் கூடாதது

வரலாற்றைத் தள்ளிப்போடலாம் என்றேன். அதற்குத் தேவையான மொழிகளைத் தள்ளிப்போட முடியாது. 1904-இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி தெலுங்கு எழுத்தில் இருக்கிறது. தஞ்சை சரஸ்வதி மகாலின் மராட்டிய ஆவணங்கள் 'மோடி' என்ற பழைய மராத்தி எழுத்தில். லட்சண கிரந்தங்கள் சமஸ்கிருதம். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் உரையை நேரடியாகப் படிக்கத் தமிழிலேயே தனிப் பழக்கம் வேண்டும். மொழிபெயர்ப்பை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? முதல் வருஷம் தெலுங்கு எழுத்து, இரண்டாம் வருஷம் கிரந்தம் என்று ஆரம்பித்துவிடுங்கள். தெலுங்கு கிருதிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிற பழக்கத்தை விட்டாலே உச்சரிப்பும் திருந்தும், பாதித் தூரமும் வந்தாயிற்று.

எனக்குத் தோன்றுவது

குரு அதே ஊரில் இருக்கிறார், கிருதிகள் கைவசம் இருக்கின்றன, கல்பனாஸ்வரம் (கற்பனையாக ஸ்வரம் கோத்துப் பாடுவது) பாடத் தொடங்கிவிட்டீர்கள், வீட்டிலேயே இருந்து கல்லூரி போகலாம் என்றால் வழி 1. யோசிக்கவே வேண்டாம். பாட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குக் கல்லூரி தேவையில்லை.

ஊரில் குரு இல்லை, அல்லது வர்ணம் தாண்டவே இன்னும் உழைக்க வேண்டியிருக்கிறது என்றால் வழி 2. டி.ஆர்.பி. கனவை மட்டும் முதலிலேயே கழித்துவிடுங்கள். பிறகு நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும், இரண்டு பயிற்சியையும் சேர்த்து ஆய்வு செய்ய அதுதான் சரியான காலம்.

வழி 3 ஏற்கெனவே சம்பாதிக்கத் தொடங்கிவிட்டவர்களுக்கு. மாலையில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்து வீட்டுக்குப் பணம் கொடுக்கிறவரிடம் போய் வரலாற்றுக்கென்று இன்னொரு முழுநேரக் கல்லூரி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நாதஸ்வரம், தவில் கற்பவர்களுக்கு நான் தயங்காமல் வழி 3-இன் டிப்ளமா உருவத்தைச் சொல்வேன். மாவட்ட அரசு இசைப் பள்ளியின் மூன்று வருஷச் சான்றிதழோ, இசைக் கல்லூரி டிப்ளமாவோ, கூடவே தொலைநிலை வரலாறு. அறநிலையத் துறைக் கோயில்களில் நாதஸ்வர, தவில் பணியிடங்களுக்கு இசைப் பள்ளிச் சான்றிதழ் கேட்கிறார்கள். தொழிலும் மேளக் குழுவோடு போய் வாசித்துத்தான் படிகிறது, முகூர்த்த நாள் எந்தக் கல்லூரி அட்டவணையையும் பார்த்து வருவதில்லை. வாய்ப்பாட்டுக்காரரைப் படுத்துகிற டிசம்பர்த் தேர்வு இவர்களுக்குச் சௌகரியம்கூட. மார்கழி பிறந்தால் கல்யாணம் கிடையாது, திருப்பள்ளியெழுச்சிக்கு வாசித்துவிட்டு வந்தால் பகல் முழுக்கப் படிக்கலாம். வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் வந்து விழுகிற ஜூன் தேர்வுதான் தொல்லை. முடிந்தவரை தாள்களை டிசம்பருக்குத் தள்ளி எழுதுங்கள், ஆறு வருஷ அவகாசம் இருப்பது இதற்குத்தான் பயன்படும்.